அறுபது லிட்டர் காற்று

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலை. அங்கே அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு கோணி புடைத்துக்கொண்டு நின்றது. நெல் மூட்டை என்று நினைத்து முழுப் பலத்தோடு தூக்கியவன், பின்பக்கமாக விழப் பார்த்தேன். உள்ளே இருந்தது இலவம் பஞ்சு.

“மொத்தமே ஒரு கிலோதான் மருமகனே, பார்த்து!” என்று அத்தை சிரித்தார்.

மாமா ஏலக்காட்டில் வேலை செய்கிறார். போடியில் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறவர்கள் பலர். மாமா அப்படியில்லை, வாரம் முழுக்க மேலேயே தங்கிவிடுவார். போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போடிமெட்டு அதற்கும் மேலே இன்னொரு 1,000 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிர்ந்துவிடும். கீழே 20 டிகிரி இருக்கும் மார்கழி இரவில் மேலே 13, 14 இருக்கும். ஈரமும் மூடுபனியும் தனி. அவருக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைப்பது என்று முடிவானது. தைக்கப்போவது நான். சட்டைப் பொத்தானுக்கு மேல் ஊசி பிடித்தறியாத நான்.

நம் பக்கத்தில் பஞ்சு என்றால் மெத்தை, தலையணை. போர்த்துகிற துணிக்குள் பஞ்சை வைத்துத் தைக்கும் ‘ரஜாய்’ வடக்கத்திப் பழக்கம். ஆனால் போடிக்காரர்களுக்கு இலவம் பஞ்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் இலவ மரம் நிற்கிறது, கோடையில் காய் இறங்குகிறது, பஞ்சாகி மெத்தையாகி வெளியூர் போகிறது. ஏலக்காய்க்குப் பெயர் போன ஊரில் இரண்டாவது சரக்கு இதுதான் என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

போர்வை 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், சராசரியாக 2 சென்டிமீட்டர் கனம் என்று திட்டம். பெருக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கும் இடம் 60 லிட்டர். அதில் போகப்போவது ஒரு கிலோ பஞ்சு. பஞ்சிழையின் கெட்டிப் பொருளை மட்டும் எடுத்தால் அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம். அப்படியானால் ஒரு கிலோவின் உண்மையான பருமன் 700 மில்லி சொச்சம், ஒரு சொம்புத் தண்ணீர் அளவு. அறுபது லிட்டர் இடத்தில் ஒரு சொம்பு மட்டுமே பொருள். மீதி 59 லிட்டரும் காற்று. நான் தைக்கப்போவது பஞ்சுப் போர்வை அல்ல, காற்றுப் போர்வை என்பது அப்போதுதான் உறைத்தது.

போர்வை சூடு தருகிறது என்று சொல்கிறோம். போர்வையிடம் ஏது சூடு? தூங்கும் மனித உடல்தான் ஏறத்தாழ 70 வாட் பல்புபோல இரவு முழுக்க வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பதோடு போர்வையின் வேலை முடிந்தது. அந்த வேலையை உண்மையில் செய்வது காற்று. அசையாமல் நிற்கும் காற்றைப்போல வெப்பத்தைக் கடத்த மனமில்லாத பொருள் வீட்டில் வேறு கிடைப்பது அரிது; அதோடு ஒப்பிட்டால் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். நனைந்த துணியில் உடம்பு வெடவெடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிக்கல் ‘அசையாமல்’ என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு துணிகளுக்கு நடுவே வெறும் இடைவெளி விட்டால், உடம்புப் பக்கம் சூடான காற்று மேலே எழும், வெளிப்பக்கம் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இந்தச் சுழற்சியே வெப்பத்தை மூட்டை மூட்டையாகச் சுமந்து வெளியே கொட்டிவிடும். இடையில் பஞ்சு இருந்தால் காற்றுக்குச் சுழல வழியில்லை. ஒவ்வொரு இழையின்மீதும் உராய்ந்து அங்கங்கே நின்றுவிடுகிறது. உடம்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தையும் இந்த மெல்லிய இழைகள் வழியில் மறித்து, சிதறடித்து, திருப்பி அனுப்புகின்றன. அதாவது பஞ்சுக்குக் காவல் வேலைதான், சரக்கு காற்று.

இந்தக் காவலுக்கு இலவம் பஞ்சு எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கலாம்.

பருத்தி இழையும் செடியில் இருக்கும்போது குழாய்தான். காய் வெடித்து உலரும்போது அது சப்பையாகி, நாடாபோல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கால்தான் ஒரு இழை இன்னொன்றைப் பிடிக்கிறது, நூற்க முடிகிறது, நமக்கு வேட்டியும் சேலையும் கிடைக்கின்றன. இலவம் பஞ்சின் இழை உலர்ந்த பிறகும் உருண்டைக் குழாயாகவே நிற்கும். விட்டம் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. குழாயின் சுவர் ஒன்றிரண்டு மைக்ரான்தான். நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவு. மேலே மெழுகுப் பூச்சு, முறுக்கு கிடையாது. கையில் எடுத்தால் பட்டுபோல வழுக்கும். வழுக்குவதால்தான் தனியாக நூற்க முடியாது, அதனால்தான் காலங்காலமாக மெத்தைக்குள் போனது.

உள்ளே பொள்ளலாக இருப்பதால்தான் இந்தப் பஞ்சு கதகதப்பு என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அது பாதி உண்மை. என் ஒரு கிலோப் பஞ்சின் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்றைக் கணக்குப் போட்டால் இரண்டு லிட்டர் தேறும். இழைகளுக்கு வெளியே, இழைக்கும் இழைக்கும் நடுவே நிற்பதோ 57 லிட்டர். பொள்ளலின் உண்மையான உபகாரம் வேறு. இழை தடிமனாகவும் இருக்கிறது, எடையும் இல்லை. ஆகவே ஒரு கிலோவுக்கு ஏராளமான இழைகள் கிடைக்கின்றன, மேல்பரப்பு கூடுகிறது, காவல்காரர்கள் பெருகுகிறார்கள்.

மெழுகும் பொள்ளலும் சேர்ந்தால் தண்ணீரில் மிதக்கும். பஞ்சைச் சிறு கட்டாகக் கட்டி வாளியில் போட்டுப் பார்த்தேன். அமிழ்த்தினாலும் மேலே வந்து குந்தியது. தன் எடையைப்போல இருபது முப்பது மடங்கைத் தாங்கி மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். அன்று உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து போனது. இலவம் பஞ்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கபோக்’ என்ற பெயரே மலாய்ச் சொல். 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்குப் பஞ்சு நின்றுபோனது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளைச் சாலையோரங்களுக்கு அனுப்பி ‘மில்க்வீட்’ என்ற பாற்செடியின் காய்களைப் பறிக்கச் சொன்னார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது அன்றைய முழக்கம். அந்தச் செடி நம் எருக்குக்குப் பங்காளி. எருக்கங்காயை உடைத்து ஊதி விளையாடாத பிள்ளை சிலமலையில் உண்டா? அதே பஞ்சு, அதே வழுக்கல், அதே குழாய்.

மரத்தையும் பார்க்காமல் விட முடியாது. பருத்தியில் பஞ்சு விதையின் தோலிலிருந்து முளைக்கிறது. அதனால் விதையைப் பிய்த்தெடுக்க அரவை வேண்டும். இலவில் பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. விதை பஞ்சுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உலர்த்தி, பறந்துவிடாமல் மூடி வைத்துக் கிளறினாலே விதை தானாக உதிரும். மரம் இலையெல்லாம் கொட்டிய பருவத்தில் காய் வெடிப்பதும் ஒரு கணக்கோடுதான்: பஞ்சு பறக்கும் வழியில் இலை மறிக்காது. பூக்கள் இரவில் விரியும், அவற்றைத் தேடி வருவது வௌவால். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என். சிங்காரவேலனும் ஜி. மாரிமுத்துவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பழந்தின்னி வௌவால்கள் இந்தப் பூவில் தேன் குடித்து மகரந்தத்தைச் சுமந்து போவதைப் பதிவு செய்திருக்கிறது. மாமாவின் போர்வைக்கு முதல் உழைப்பு ஏதோ ஒரு வௌவாலுடையது.

‘இலவு காத்த கிளி’யை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பழம் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த அந்தக் கிளி உட்கார்ந்த மரம் பெரும்பாலும் இதுவாக இருந்திராது. நம் பழைய இலக்கியத்து இலவம் சிவந்த பூப் பூக்கும் முள்ளிலவு. அது இந்த மண்ணின் மரம். போடித் தோட்டங்களில் மெத்தைக்காக வளர்க்கும் வெளிறிய பூ இலவத்தின் பூர்வீகம் அமெரிக்க, ஆப்பிரிக்க வெப்பக் காடுகள். இரண்டும் உறவுக்கார மரங்கள். பெயரைப் பகிர்ந்துகொண்டு நம்மைக் குழப்புகின்றன.

சரி, தையலுக்கு வருகிறேன்.

அத்தை முதலில் பஞ்சைத் தொடவிடவில்லை. நான்கு பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிக் கொடுத்து, “இதுல கை பழகு” என்றார். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் நெய்தவை, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனவை. பழஞ்சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு விரிப்பாக்குவது நாட்டில் பல இடங்களில் உண்டு. வங்காளத்தில் இதற்குக் ‘காந்தா’ என்று பெயர். நம் ‘கந்தை’யும் அதே வேரிலிருந்து வந்த சொல். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’யில் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக எண்ணம்.

நான் அழகுக்காகத் துணியைக் குறுக்காக வெட்டி முக்கோணங்களாக ஒட்டுப் போட்டேன். இரண்டு நாளில் முழு விரிப்பும் அலையலையாக நெளிந்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் துணியைப் பாவு வாக்கில் இழுத்துக் காட்டினார், ஊடை வாக்கில் இழுத்துக் காட்டினார், அசையவில்லை. மூலைக்கு மூலை இழுத்தபோது ரப்பர்போல நீண்டது. முளை அடிக்காத கட்டில் சட்டத்தை மூலையில் பிடித்துத் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகச் சரியுமே, அதுதான் இங்கும். நேர் வாக்கில் இழுக்கும்போது நூல்களே பாரத்தைத் தாங்குகின்றன. குறுக்கு வாக்கில் நூல் நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் கோடிக்கணக்கான மூலைகள் கோணம் மாறுகின்றன, அவ்வளவுதான். குறுக்காக வெட்டிய விளிம்பைத் தைக்கத் தைக்க ஊசியின் இழுப்பிலேயே அது நீண்டுகொண்டு போகும்.

கை ஓரளவு பழகியதும் பஞ்சு. சேலைத் துணி உறைக்கு ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டார். நெருக்கமாக நெய்த காடாத் துணியில்தான் உறை. ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள் என் சோதனைப் பையிலிருந்து பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. 20 மைக்ரான் தடிமன், மெழுகு வழுக்கல். சேலையின் கண் அதற்கு வாசற்படி. திணிக்கும்போது எல்லாரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டோம். விளையாட்டில்லை இது, பஞ்சுத் தூசி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட இலவம் பஞ்சுத் தொழிலாளர்களின் உடல்நலத்தை 1977-லேயே தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அடுப்பையும் அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம். காற்றும் மெழுகும் கலந்த பொருளுக்கு ஒரு பொறி போதும்.

பஞ்சைப் பரப்பி, மேலே துணி போட்டு, நான்கு விரற்கடைக்கு ஒரு கோடு என்று குறுக்கும் நெடுக்கும் தைத்தேன். நூலை ஒவ்வொரு முறையும் இறுக்கி இழுத்தேன். உறுதி வேண்டாமா? கட்டம் கட்டமாகப் புடைத்து, பார்க்கக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா அதைச் சுருட்டிக்கொண்டு மலையேறினார். அடுத்த வாரம் இறங்கி வந்ததும் முதல் பேச்சு இதுதான்:

“மாப்ள, போர்வை நல்லாத்தான் இருக்கு. ஆனா கோடு கோடாக் குளிருதே?”

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். வெப்பம் போர்வையின் எல்லாப் பகுதிகள் வழியாகவும் ஒரே நேரத்தில் வெளியேறுகிறது. எங்கே மெலிவோ அங்கே அதிகமாக. கட்டத்தின் நடுவில் கனம் 20 மில்லிமீட்டர். தையல் கோட்டில் நசுங்கி 2 மில்லிமீட்டர். அதாவது கோட்டின் வழியாகப் பத்து மடங்கு வேகம். போர்வைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இப்படி நசுங்கியிருந்தால் போதும், மொத்த வெப்ப இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். துணியும், துணிக்கு வெளியே ஒட்டி நிற்கும் காற்றுப் படலமும் கொஞ்சம் காப்பாற்றும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் மாமாவின் முதுகு பொய் சொல்லவில்லை. நான் உறுதி என்று நினைத்து இழுத்த ஒவ்வொரு நூலும் அங்கே இருந்த காற்றைப் பிதுக்கி வெளியேற்றியிருந்தது.

தைக்காமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். பருத்தி என்றால் ஓரளவு விடலாம். வில்லடித்துக் கொட்டிய பருத்தியில் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாய்போல நிற்கும். ஜெய்ப்பூர் ரஜாயில் கால் கிலோப் பஞ்சுதான் என்று பெருமை பேசுவதற்கு அந்த நுணுக்கமான அடிப்பே காரணம். இலவம் பஞ்சுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. புரண்டு படுக்கப் படுக்க, வழுக்கி வழுக்கி ஒரு பக்கம் ஒதுங்கும். சூட்டை வேண்டினால் ஊசி விலக வேண்டும், பஞ்சு நிற்க வேண்டினால் ஊசி நெருங்க வேண்டும். போர்வை தைக்கிற எவருக்கும் தீராத வழக்கு இது. மெத்தை தைக்கிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருக்கிறார்கள்: கோடு வேண்டாம், புள்ளி போதும். கோணி ஊசியை மேலிருந்து கீழே இறக்கி, மீண்டும் மேலே ஏற்றி, அந்த இடத்தில் மட்டும் முடிச்சு. நசுங்குவது புள்ளியைச் சுற்றிய சிறு வட்டம் மட்டும். கோட்டோடு ஒப்பிட்டால் பரப்பு மிகக் குறைவு.

என் கோடுகளைப் பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது. தைத்ததைவிடப் பிரித்ததில்தான் நிறையக் கற்றேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் கற்றது கண் எரிச்சலை. பிறகு ஒரு சாணுக்கு ஒரு புள்ளி என்று சதுரம் சதுரமாகக் குறித்து, முடிச்சைத் தளர்வாகப் போட்டேன். அத்தை அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சுக்கும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்: “இழுத்துக் கட்டாத. பஞ்சைப் பிடிச்சு நிப்பாட்டு, போதும்.”

ஓரம் மடித்து முடித்ததும், துவைக்கக் கூடாது என்று தானே சொன்னார். துணிக்குத்தான் சோப்பு. சோப்பு மெழுகைத் தோற்கடித்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். மெல்லிய குழாய்கள் சப்பிப்போய்க் கட்டி தட்டும். பிறகு அது போர்வையாகாது, களிமண்ணாகிவிடும். அழுக்கு ஏறாமலிருக்க மேலே தனி உறை, உள்ளே இருப்பதற்கு வெயில். வெயிலில் போட்டால் பஞ்சு உப்பும் என்பதில் மாயம் ஒன்றுமில்லை. இரவெல்லாம் உடம்பிலிருந்தும் மலைக்காற்றிலிருந்தும் வாங்கிய ஈரப்பதம் இழையைத் தளர்த்திவிடுகிறது. ஈரம் போனதும் சுவர் மறுபடி விறைக்கிறது, இரண்டு தட்டுத் தட்டினால் நசுங்கிய இழை நிமிர்கிறது, விட்டுப்போன காற்று திரும்பி வருகிறது. தூசி உண்ணிகளுக்கும் உலர்ந்த இடம் பிடிக்காது. எல்லா இழையும் நிமிராது என்பதும் உண்மை. அவ்வளவு மெல்லிய சுவர் நசுங்கி நசுங்கி ஒடியும். அதனால்தான் பழைய மெத்தையைச் சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப் பஞ்சு கலந்து அடைக்கிறார்கள்.

மாமா இரண்டாம் தடவை கொண்டுபோனார். பத்து நாள் கழித்து இறங்கினார். முகம் தெளிவாக இருந்தது.

“குளிரு சுத்தமா இல்ல மாப்ள.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா பஞ்செல்லாம் கால்மாட்டுக்குப் போயிருச்சு.”

விரித்துப் பார்த்தோம். ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக இருந்த புள்ளிகளுக்கு நடுவே, தெருவில் ஆள் நடப்பதுபோலப் பஞ்சு நேராக நடந்து போயிருந்தது. அத்தை போர்வையை மடியில் இழுத்துப் போட்டு, கட்டத்தின் நடுவில் விரலை வைத்தார்.

“நாலு புள்ளிக்கு நடுவுல ஒன்னு போட்ருக்கணும். நேரா விட்டா வழி இருக்கும்ல?”

கோணி ஊசியில் நூல் கோத்து என்னிடம் நீட்டினார்.